கடிதத்துக்குள் படம்



பள்ளிக்கூடத்திலிருந்தோ, வங்கியிலிருந்தோ, மகன் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்தோ உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. திறந்து பார்க்கிறீர்கள். எழுத்து வந்திருக்கிறது. ஆனால் மேலே சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறுங் கட்டம். நடுவில் படம் இருக்க வேண்டிய இடத்திலும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரருக்கோ அதே கடிதம் படத்தோடு வந்திருக்கிறது. "நம்ம போன் பழசு, அதனால்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் போனின் மேல் இல்லை. அனுப்பியவர் அந்தப் படத்தை எந்த வழியில் வைத்து அனுப்பினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "இது கணினி படித்தவர்கள் சமாசாரம், நமக்கு என்ன?" என்று தாய்மார்கள் கேட்கலாம். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வளர்த்த பிள்ளைகள் பலர் இன்று இப்படிக் கடிதம் அனுப்பும் செயலிகளை எழுதும் வேலையில்தான் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல. சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, உபகாரச் சம்பளம் என்று குடும்பத்தின் வாழ்வு சம்பந்தப்பட்ட செய்திகள் இந்த வழியில்தான் வீடு தேடி வருகின்றன. ஏமாற்றுக்காரனும் இதே வழியில்தான் வருகிறான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு வரும் இத்தகைய கடிதங்களை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. பள்ளிக் கட்டணத்தை இணையப் பக்கத்தில் கட்டி முடித்து ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தப் பக்கத்தின் பின்னால் இயங்கும் நிரல் உங்கள் பெயரை எடுத்து, தொகையை எடுத்து, முன்பே எழுதி வைத்த ஒரு மாதிரிக் கடிதத்தில் பொருத்தி, அஞ்சல் கணினியிடம் கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட நிரலை வலைச் செயலி என்பார்கள். மனிதன் கடிதம் எழுதினால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அனுப்புவான். செயலி திரும்பிப் பார்ப்பதில்லை. அதை எழுதிய பிள்ளை எப்படிச் சொல்லி வைத்ததோ அப்படியே ஆயிரம் பேருக்கும் அனுப்பும்.

நம்மில் மூத்தவர்களுக்கு ஏரோகிராம் நினைவிருக்கும். ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, எழுதும்போது வாங்கிய மடிப்புக் கடிதம். எழுதி, மடித்து, ஒட்டினால் அதுவே உறை. விலை மலிவு. ஆனால் ஒரு கட்டுப்பாடு: உள்ளே எதையும் வைக்கக் கூடாது. பிள்ளையின் புகைப்படத்தை வைத்து அனுப்ப வேண்டுமானால் அதற்குத் தனி உறை வாங்க வேண்டும்.

தொடக்க கால மின்னஞ்சலும் அந்த ஏரோகிராம் மாதிரிதான். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரிக்கு நடுவே இன்று நாம் போடும் @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். 1982-இல் அஞ்சலைக் கொண்டுசெல்லும் விதிமுறை எழுதப்பட்டபோது, அந்தப் பாதையில் ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி ஆகியவை மட்டுமே போகலாம் என்ற நிலை. படமும் போகாது, பாட்டும் போகாது. ஏன், நம் தமிழ் எழுத்துகூட அப்படியே போக முடியாது!

இந்தத் தடையை உடைத்தவர்கள் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்ற இருவர். 1992 மார்ச் 11-ஆம் நாள் போரன்ஸ்டைன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் நால்வர் பாட்டுக் குழுவின் படமும், அவர்கள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவும் இருந்தன. அவர் வேலை பார்த்தது தொலைபேசித் துறை ஆராய்ச்சிக் கூடத்தில். பாட்டுக் குழுவின் பெயர் 'டெலிபோன் கார்ட்ஸ்'. அதே ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் இருவரும் எழுதிய விதிமுறை வெளியாயிற்று. அதற்கு 'மைம்' என்று பெயர். இன்று உலகில் யார் யாருக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினாலும் அந்த மைம் விதிமுறையின்படிதான் போகிறது.

பழைய பாதையோ எழுத்தை மட்டும்தான் விடுகிறது. அதில் படத்தை எப்படி அனுப்பினார்கள்? பாதையை இடித்துப் புதிதாகப் போடவில்லை. படத்துக்கு எழுத்து வேடம் கட்டினார்கள்! கணினிக்குள் எல்லாமே எண்களாகத்தான் இருக்கின்றன. படமும் எண்களின் வரிசைதான். அந்த எண்களை மும்மூன்றாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு எழுத்தாக மாற்றுகிறார்கள். பயன்படும் எழுத்துகள் 64: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு. இந்த முறைக்கு 'பேஸ் 64' என்று பெயர். வரிக்கு 76 எழுத்துக்கு மேல் போகாமல் மடித்து மடித்து அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வேடத்தைக் கலைத்தால் பழையபடி படம்.

தமிழ்க் கடிதமும் பெரும்பாலும் இதே வேடத்தில்தான் போகிறது. உலகப் பொது எழுத்து முறையான யூனிகோடில் நம் 'அ' என்ற எழுத்துக்கு மூன்று எண்கள். அது பேஸ் 64-இல் நான்கு எழுத்தாகிறது: 4, கே, 6, எஃப். அம்மாவுக்கு மகன் தமிழில் மின்னஞ்சல் எழுதினால், பாதை நெடுக அந்த 'அ' "4கே6எஃப்" என்ற வேடத்தில் பயணம் செய்து, அம்மாவின் கைத்தொலைபேசியில் மறுபடி 'அ' ஆகிறது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தில், 1990-களில், நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு தமிழில் மின்னஞ்சல் எழுதினோம். அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு வாங்கியவரிடம் இல்லாவிட்டால் புரியாத குறிகள்தான் வரும்.

வேடம் கட்டினால் எடை கூடும். மூன்று நான்காகிறது அல்லவா? 90 கிலோபைட் படம் ஏறத்தாழ 120 கிலோபைட் ஆகிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலைச் செயலிக்கு வருவோம். கடிதத்தில் படம் தெரிய வேண்டுமானால் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, படத்தையும் கடிதத்தோடு ஒரே பையில் போட்டு அனுப்புவது. மற்றது, "படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முகவரி மட்டும் எழுதி அனுப்புவது.

முதல் வழியைப் பார்ப்போம். செயலி ஒரு பை தயார் செய்கிறது. பைக்குள் பல பொட்டலங்கள். ஒரு பொட்டலத்தில் அலங்காரம் இல்லாத வெறும் எழுத்துக் கடிதம். இன்னொன்றில் அதே கடிதம் நிறம், கட்டம், தலைப்பு எல்லாம் வைத்து, இணையப் பக்கங்கள் எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில். மூன்றாவதில் படம். பொட்டலத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு எல்லைக் கோடு. வேறெங்கும் வராத ஓர் எழுத்துச் சரத்தை எழுதி, "இத்தோடு ஒன்று முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது" என்று காட்டும் வரி அது.

சரி, படம் பையில் இருக்கிறது. ஆனால் கடிதத்தின் எந்த இடத்தில் அதை வைப்பது? இதற்கு நம் பெரட்டுக் களத்தையே உதாரணம் சொல்லலாம். விடியற்காலையில் பேர் கூப்பிடுவார்கள். ஆள் களத்தில் நின்றால் மட்டும் போதாது. கூப்பிடும் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் அன்றைய பேர் விழும். அதுபோலப் படப் பொட்டலத்தின் மேல் ஒரு பெயர் எழுதுகிறார்கள். கடிதத்தில் படம் வர வேண்டிய இடத்தில் "சி.ஐ.டி." என்று எழுதி அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இந்த சி.ஐ.டி. துப்பறியும் போலீஸ் அல்ல. 'உள்ளடக்க அடையாளம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெயர் பொருந்தினால் படம் அந்த இடத்தில் வந்து நிற்கும். பொருந்தாவிட்டால் அதே வெறுங் கட்டம்.

நிரல் எழுதும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். பொட்டலத்தின் மேல் எழுதும்போது பெயரைச் சுற்றி முனை அடைப்புக்குறி போட வேண்டும். கடிதத்துக்குள் கூப்பிடும்போது அந்த அடைப்புக்குறி கூடாது. இரண்டிலும் போட்டாலும் தவறு, இரண்டிலும் விட்டாலும் தவறு. இரு படங்களுக்கு ஒரே பெயர் வைத்தாலும் குழப்பம்தான். படம் 'உள்ளே காட்டப்பட வேண்டியது' என்று குறிக்காமல் 'இணைப்பு' என்று குறித்துவிட்டால், கடிதத்தின் அடியில் பேப்பர் கிளிப் அடையாளத்தோடு தனியே தொங்கும். இவற்றையெல்லாம் கையால் செய்யத் தேவையில்லை. லாராவெல், ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில் படத்தை உட்பொதிக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. பெயர் வைப்பதையும் கூப்பிடுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தவனுக்குத்தான், படம் வராதபோது எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

இரண்டாவது வழி சுலபமாகத் தெரியும். படம் கம்பெனியின் கணினியில் இருக்கும். கடிதத்தில் அதன் முகவரி மட்டும். நாம் கடிதத்தைத் திறக்கும்போது நம் போன் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்து வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இணையப் பக்கம் எழுதும்போது "படங்கள் அறையில் உள்ள சின்னம்" என்று மட்டும் எழுதினால் போதும். எந்த வீட்டின் படங்கள் அறை என்று உலாவிக்குத் தெரியும். கடிதமோ வீட்டை விட்டு வெளியேறி எங்கோ போய்விட்டது. "படங்கள் அறை" என்றால் யார் வீட்டு அறை என்று அதற்கு எப்படித் தெரியும்? ஊர், தெரு, கதவு எண் என்று முழு முகவரியும் எழுத வேண்டும். அதிலும் சிலர் தம் சொந்த மேசைக் கணினியின் உள் முகவரியை எழுதிவிடுவார்கள். அவர்கள் சோதித்துப் பார்க்கும்போது படம் அழகாக வரும், ஏனென்றால் படம் அதே கணினியில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. "எனக்கு வருதே" என்பார்கள். அவர்களுக்கு மட்டும்தான் வரும்!

இந்த வழியில் ஒரு வேவு பார்க்கும் வேலையும் ஒளிந்திருக்கிறது. நம் போன் படம் எடுக்கப் போகும்போது, அந்த வீட்டுக்காரருக்கு நாம் கடிதத்தைத் திறந்த நேரம் தெரிந்துவிடுகிறது. எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தோம் என்பதும் தெரிகிறது. இதற்காகவே கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படத்தை வைத்து அனுப்புவோர் உண்டு. ஆகையால்தான் பல அஞ்சல் செயலிகள் "படங்களைக் காட்டலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காட்டும். 2013 டிசம்பர் முதல் ஜிமெயிலே இடையில் நின்று படத்தை எடுத்துத் தருகிறது. ஆப்பிள் நிறுவனமும் 2021-இல் தன் அஞ்சல் செயலியில் இதுபோன்ற ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. நம் வெறுங் கட்டத்துக்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் "காட்டலாம்" என்று எப்போதோ அழுத்தியிருப்பார், நாம் அழுத்தவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. படத்தின் பேஸ் 64 எழுத்தைக் கடிதத்தின் உடம்பிலேயே எழுதிவிடுவது. இணையப் பக்கத்தில் இது நன்றாக வேலை செய்யும். மின்னஞ்சலில் செய்யாதீர்கள்; ஜிமெயில் அதைக் காட்டுவதில்லை.

அப்படியானால் எது நல்லது? ஒரு தமிழ்ப்பள்ளி 200 பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோபைட் படத்தைப் பையில் போட்டு அனுப்பினால் ஒவ்வொரு கடிதத்திலும் 120 கிலோபைட். 200 கடிதத்துக்கு ஏறத்தாழ 24 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அளவு குறைக்காமல் அப்படியே போட்டால் அது பல மடங்கு ஏறிவிடும். கடிதத்தில் காட்ட 600 புள்ளி அகலமே பெரும்பாலும் போதும். முகவரி மட்டும் எழுதினால் இந்தப் பாரம் இல்லை. திறப்பவர் மட்டும் படத்தை எடுத்துக்கொள்வார்.

ஆனால் பேருந்துச் சீட்டுக்கான கட்டக் குறியீடு இருக்கிறதே, முகப்பில் காட்டி ஏறுவோமே, அதை முகவரியாக அனுப்பினால் என்ன ஆகும்? வீட்டில் ஒருமுறைகூடத் திறக்காமல், இணைய இணைப்பு இல்லாத நிறுத்தத்தில் முதன்முறையாகத் திறந்தால் வெறுங் கட்டம்தான். பையிலேயே போட்டு அனுப்பினால், கடிதம் வந்து இறங்கியபோதே படமும் வந்து இறங்கியிருக்கும். என் கருத்தைக் கேட்டால், சிறிய சின்னத்தையும் இத்தகைய சீட்டுக் குறியையும் உள்ளே வைக்கலாம். பெரிய அலங்காரப் படங்களுக்கு முகவரி போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கூட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு பணம், என்னென்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று எல்லாவற்றையும் அழகான சுவரொட்டி போலப் படமாகவே செய்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். கடிதத்தில் ஓர் எழுத்துகூட இருக்காது. செம்பனைக் காட்டுக்கு நடுவே சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கும் வீட்டில் ஒரு தாய் அதைத் திறக்கிறாள். வெறுங் கட்டம். உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எழுத்தாக இருந்திருந்தால் சில வரிகள். இரண்டு கிலோபைட்கூட இல்லை. எந்தச் சிக்னலிலும் வந்திருக்கும். கண் பார்வை இல்லாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டியிருக்கும். 

ஆகவே இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தேதி, தொகை, இடம் ஆகியவற்றை எழுத்திலேயே எழுத வேண்டும். படம் வராவிட்டால் அந்த இடத்தில் காட்டுவதற்கென்று ஒரு மாற்று வரியையும் எச்.டி.எம்.எல்.-இல் எழுதலாம். அதைக் காலியாக விடாமல் "பள்ளிச் சின்னம்", "உங்கள் பயணச் சீட்டுக் குறியீடு, எண் இன்னது" என்று எழுதட்டும். அலங்காரம் இல்லாத எழுத்துக் கடிதப் பொட்டலத்தையும் பையில் மறக்காமல் போடட்டும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் அக்கறைதான் வேண்டும்.

கடைசியாக, ஏமாற்றுக்காரன் விஷயம். கடிதத்துக்குள் படம் வைப்பது எவ்வளவு சுலபம் என்று பார்த்தோம். வங்கியின் சின்னத்தை வங்கியின் இணையப் பக்கத்திலிருந்தே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தன் பையில் போட்டு, பெயர் வைத்து, கடிதத்தின் தலையில் கூப்பிட்டு நிறுத்தலாம். பையோடு வரும் படம் பெரும்பாலும் அனுமதி கேட்காமலே தெரியும் என்பதால், கடிதம் பார்ப்பதற்கு அசல் போலவே இருக்கும். பழைய காலத்தில் கம்பெனி முத்திரை குத்திய காகிதம் என்றால் ஒரு மரியாதை. அந்த முத்திரைக் கட்டை கிராணியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. மின்னஞ்சலில் வரும் சின்னத்துக்குப் பூட்டு இல்லை. சேமநிதிச் சின்னம் இருக்கிறது, வங்கிச் சின்னம் இருக்கிறது என்பதற்காக ஒரு கடிதத்தை நம்பாதீர்கள்.

அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவதும் அவரே எழுதிக்கொள்வதுதான். முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். அங்கே சம்பந்தமில்லாத பெயர் இருந்தால் அப்போதே சந்தேகப்படலாம். சரியான பெயர் இருந்தாலும், கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்துக்குள் இருக்கும் எண்ணுக்கு அல்ல. அதையும் எழுதியது அவன்தான். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கிக்கோ, 997 என்ற எண்ணுக்கோ கூப்பிட வேண்டும். அது 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை வீட்டில் மறைத்து வைத்தால், தடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.